வியாழக்கிழமை மத்தியானத்தைச் சும்மா விடு

பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, உங்கள் இரண்டு பேர் பயணத் திட்டம் போட்ட எக்செல் ஷீட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு நாளில் மூன்று ஊர், காலை ஏழரையிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும், நடுவில் 'காபி, 20 நிமிடம்' என்று வேறு. மாப்பிள்ளை பாவம். சரி, போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

அப்பாவின் பென்ஷன் காகிதம் விஷயமாகக் கும்பகோணம் போனேன். கையெழுத்துப் போடுகிறவர் மூன்று மணிக்கு மேல்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது மணி பத்தரை. மாயவரம் வந்துவிட்டுத் திரும்பப் போகக் காலில் தெம்பு இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கும்பகோணம் என்றால் முகூர்த்தப் புடவை, சீர்ப் பாத்திரம், கையில் ஒரு லிஸ்ட், பின்னாலேயே "பஸ் போயிடும், பஸ் போயிடும்" என்று அப்பா. ஒரு காரியமும் இல்லாமல் அந்த ஊரில் நான் நின்றதே கிடையாது.

மகாமகக் குளத்துப் படியில் மண்டப நிழல் பார்த்து உட்கார்ந்தேன். சுற்றிலும் பதினாறு மண்டபம். 2004 மகாமகத்தில் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இதே இடத்தில்தான் நின்றிருப்பேன், ஆனால் அன்றைக்குத் தலைகளைத் தவிர வேறென்ன தெரிந்தது?

அப்புறம் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதானே இருக்கிறது, எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன், உள்ளே போனதில்லை. ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலோரம் ஒரு கட்டில், அவ்வளவுதான். அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருப்பேன். ஏன் என்று கேட்காதே.

பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிக்கொண்டு கும்பேசுவரன் கோயில் பக்கம் போகிறேன் என்று ஏதோ ஒரு சந்தில் நுழைந்துவிட்டேன். அங்கே ஒரு பெரியவர் ஈரச்சாக்கை விரித்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணுகிற மாதிரியே தெரியவில்லை, விரல்தான் ஓடுகிறது, ஓட்டை இலை, பழுத்த இலை எல்லாம் தானாக ஒதுங்குகிறது, நூறு சேர்ந்ததும் நாரால் ஒரு கட்டு, ஒரு கவுளி ஆச்சு. "எவ்வளவு வேணும்மா?" என்றார். சும்மா பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் நினைக்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். படுகைக் கொடிக்கால் கொழுந்து என்று ஒரு இலை கொடுத்தார், அப்படியே வெறுமனே மென்றேன், காரம் மெதுவாகத்தான் ஏறியது. பேச்சு மேட்டூர்த் தண்ணீர், பேரன் படிப்பு என்று எங்கெங்கோ போனது. மணி பார்த்தால் மூன்றே கால்!

அடித்துப் பிடித்து ஓடினேன். கையெழுத்துக்காரர் அன்றைக்கு வரவே இல்லை. வழக்கமாக இதற்கு இரண்டு நாள் புலம்பியிருப்பேன், உனக்குத்தான் தெரியுமே.

அந்த ஷீட்டில் ரோமில் கடைசி நாள், வியாழக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை நாலு இடம் போட்டிருக்கிறாய். அந்த நாலையும் அழித்துவிடு. கொலோசியம் இருக்கட்டும், அதற்கு டிக்கெட் வாங்கியாச்சு. மத்தியானம் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஏதாவது ஒரு சந்தில் திரும்புங்கள். வாங்குவதற்கு ஒன்றும் வேண்டாம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருகிற செவ்வாய் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் மூன்று மணிக்குத்தான், நான் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன்.

அம்மா