அந்த ரசீது எப்.ஐ.ஆர். அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணன் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. போன வருஷம் இலை எடை போடும் இடத்தில் வாய்த் தகராறு முற்றி, ஒருவர் தடியால் அடித்ததில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போனோம். தடியால் அடித்ததாக டூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேட்டில்) எழுதினார். மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம்; ஒரு ரசீது தந்தார்கள். கேஸ் போட்டாயிற்று என்று நம்பி, அதை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு அண்ணி பத்திரமாக வைத்திருந்தார்.

நான்கு மாதம் போயிற்று. ஊட்டிக்குப் போய் இலவச சட்ட உதவி வழக்கறிஞரிடம் அந்தக் கவரைப் பிரித்துக் காட்டினோம். “இது சி.எஸ்.ஆர். ரசீதும்மா, மனு வாங்கினதுக்கு அத்தாட்சி. எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) எங்கே?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. சாதாரண காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா எனும் புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 115(2); மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், பிரிவு 117(2), 7 ஆண்டு வரை சிறை. அதற்கு எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. எங்கள் மனுவில் ‘கையில் வீக்கம்’ என்றுதான் எழுதியிருந்தோம். எலும்பு முறிவைக் காட்டிய எக்ஸ்ரே மருத்துவமனையிலேயே கிடந்தது. அதைக் கேட்டு வாங்க நிலையத்திலிருந்து யாரும் போகவில்லை, எங்களையும் கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த ஒரு தாளுக்காக நான்கு மாதம்!

புகாரை எழுத்தில், தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பினோம். பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173(4) அதற்கு வழி விடுகிறது. அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய பிறகே எப்.ஐ.ஆர். பதிவானது, நகலும் இலவசமாகக் கிடைத்தது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாட்சி சொல்ல என் 70 வயது அம்மாவை, கொட்டும் மழையில் இரண்டு பஸ் மாறி நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் வீட்டிலேயே வந்து விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179. அம்மா நனைந்துகொண்டே போய்விட்டு வந்தார்.

காவல்துறை உயர் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: சி.எஸ்.ஆர். ரசீதின் மேலேயே ‘இது முதல் தகவல் அறிக்கை அல்ல’ என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள். அதன் கீழே இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீலகிரி மாவட்டம்.