கடைசித் தூணோரம் நிற்பவர்கள்: நம் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தைக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) பொறுப்பாளர்களுக்கும், மரியே வாழ்க!

ஞாயிறு இரண்டாம் பூசையில் கடைசித் தூணையொட்டி இருபது முப்பது பேர் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெஞ்சில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார்கள். பாட்டுக்கு அவர்கள் வாய் அசையாது. ஆனால் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றம் வந்தால் நமக்கு முன்பாகவே முழங்காலில் இருப்பார்கள். நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கி, குகை மாதிரி கட்டிய கெபியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, யாரோடும் பேசாமல் போய்விடுவார்கள். "வடக்கத்திப் பசங்க" என்பதற்கு மேல் நாம் யாரும் விசாரித்ததில்லை. நானும்தான், எட்டு வருஷமாக.

போன ஆவணியில் சந்தா கட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். பங்கு அட்டை எங்கே, எந்த அன்பியம், சொந்த ஊர்க் கடிதம் எங்கே என்று கேள்விகள் வந்தன. கடிதம் கேட்டதில் தப்பில்லை, பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. குடும்பப் பெயர் 'எக்கா' என்றதும் ஒருவர் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னை விசாரிக்க வைத்தது. எக்கா என்றால் அவர்களுடைய குடுக் மொழியில் ஆமை. மிஞ்ச் என்றால் ஒரு மீன். ஜார்க்கண்டில் ஒராவ்ன் பழங்குடியினரின் குலப் பெயர்கள் இவை. 1885இல் அந்த சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்துக்குப் போன பெல்ஜியம் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்களிடம் நிலத்தைப் பறிகொடுத்த மக்களுக்குக் கோர்ட்டு வழக்குகளில் துணை நின்றார். அந்தத் துணையை நம்பித்தான் ஊர் ஊராக மனந்திரும்பினார்கள். நாலு தலைமுறை விசுவாசம். நம் தூணோரம் நிற்பது அதுதான்.

மறுவாரம் அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், பக்கத்திலேயே ஷிப்டு கணக்கு எழுதிய காலண்டர். உள்ளே நுழையுமுன் அந்தப் பெண் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "ஜெய் யேசு" என்று சொல்லி என் இரண்டு கைகளிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்துவிட்டாள். விருந்தாளி வந்தால் அவர்கள் ஊர் வழக்கமாம். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவளின் விரல்கள், நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தன. வரவேற்கப் போனவன் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உயிர்த்த இயேசு எம்மாவுஸ் ஊருக்குப் போனபோதும், விருந்தாளியாகப் போன அவர்தானே அப்பத்தைப் பிட்டார்!

2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த ஞாயிறு நம் தூணோரம் காலியாக இருந்தது. எங்கே போனார்கள் என்று கேட்க நம்மிடம் ஒரு போன் நம்பர்கூட இல்லை. அவர்கள் பயந்து கிடந்த அறைகள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்.

நாம் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நம் பங்கில் பாதிக் குடும்பம் தூத்துக்குடி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்ததுதான். என் அப்பா திருப்பூரில் வந்து இறங்கியபோது, முன்பின் தெரியாத ஒரு உபதேசியார் தன் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் படுக்க விட்டார். சம்பளம் வாங்கிய முதல் சனிக்கிழமை அப்பா அந்த வீட்டுக்கு அரைக் கிலோ கறி வாங்கிப் போனதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேனர் கட்டினோம். அந்த அக்டோபரில் வந்த புலம்பெயர்ந்தோர் தினத்துக்குத் திருச்சபை கொடுத்த கருப்பொருள், புலம்பெயர்ந்தோரே எதிர்நோக்கின் மறைப்பணியாளர்கள் என்பது. நம் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு போய் பெஞ்சுகள் காலியாகிற காலத்தில், இருபது வயதில் முழங்காலில் நிற்கிறவர்களைப் பார்க்க எனக்கு அது நிஜமாகவே படுகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு மாலை இந்தியில் பூசை வேண்டும். மறைமாவட்டத்தில் கேட்டால் இந்தி தெரிந்த குருவானவர் கிடைக்காமல் போகமாட்டார். ஒவ்வொரு அன்பியமும் ஒரு லைன் வீட்டைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும், சந்தா கேட்காமல். அந்தக் குழந்தையின் ஊர்ப் பங்குக்கு அலுவலகமே கடிதம் எழுதட்டும். அவர்களிடம் மாந்தர் என்ற மேளம் ஒன்று இருக்கிறது. அறையில் அடித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாராம். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பழக இடமில்லை என்கிறார்கள்.

நம் சமூகக் கூடம் ஞாயிறு மதியம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ளட்டும்?

இப்படிக்கு,
முன்வரிசையில் உட்கார்ந்து பழகிப்போன பங்கு உறுப்பினன்