ரூம் டெம்பரேச்சர்னா எந்த ஊரு ரூம்?

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரெட் ஒயினை ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ரூம் டெம்பரேச்சர்லதான் குடிக்கணும்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. அதை நம்பித்தான் கல்யாண நாளுக்கு ஒரு பிரெஞ்ச் மெர்லோ (மெர்லோங்கிற திராட்சைல செய்யற ரெட் ஒயின்) வாங்கினோம், இருக்கறதுலயே விலை கம்மி, லேபிள்ல 'பேய் தோக்'னு இருந்தது (பேய் இல்லீங்க, தெக்கு பிரான்ஸ்ல லாங்குதோக் பக்கத்து ஒயினுக்கு அப்படி போடுவாங்க).

எங்க வீடு பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைல மாடி போர்ஷன், மே மாசம், சுவத்து கடிகாரம் ராத்திரி எட்டு மணிக்கு 33 டிகிரி காட்டுது. ஊத்தினதுமே ஸ்பிரிட் வாடை மூக்குல ஏறுது, வீட்டுக்காரர் ஒரு வாய் குடிச்சுட்டு இருமல் மருந்துன்னு கிளாஸை தள்ளி வச்சுட்டார். தொட்டுக்க வஞ்சிரம் வறுவல் வேற, அந்த மொளகாய்க்கும் ஒயினுக்கும் சேர்ந்து தொண்டையே எரிஞ்சுபோச்சு.

கீழ் வீட்டு தாத்தா சொல்தா, பிரெஞ்ச் ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கறவர், அவர்கிட்ட சொன்னா சிரிக்கிறார். ஏம்மா அது பிரான்ஸ்ல ஹீட்டர் இல்லாத காலத்து கல்லு வீட்டு ரூம், 16லேர்ந்து 18 டிகிரிதான் இருக்கும், உன் மாடி ரூம் இல்லன்னாரு. ஐஸும் தண்ணியும் போட்ட பக்கெட்ல பாட்டிலை கால் மணி நேரம் கழுத்து வரைக்கும் முக்கி வைக்கச் சொன்னார், ரொம்ப ஜில்லுன்னு ஆக்கிடாதே துவர்ப்பு தூக்கிடும்னும் சொன்னார்.

அதே பாட்டில்தாங்க! வாடை அடங்கிப்போச்சு, பிளம்ஸ் மாதிரி ஒரு வாசனை வந்துச்சு, அப்புறம் நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே அந்த துவர்ப்பு, அது திராட்சைத் தோல்லயும் கொட்டைலயும் இருந்து வர்றதாம். வறுவலை ஓரம் வச்சுட்டு காரம் கம்மியா முந்தின நாள் மட்டன் குருமா இருந்ததை சுட வச்சு சாப்பிட்டோம், கறி கூட அந்த துவர்ப்பும் சாதுவாயிடுச்சு, வீட்டுக்காரர் ரெண்டாவது கிளாஸ் கேட்டார். மத்தி மீன் மட்டும் வேண்டாம், இரும்பை நக்கின மாதிரி இருக்கும்னு தாத்தா முன்னாடியே எச்சரிச்சிருந்தார்.

அடுத்த வாட்டி கட்டம் கட்டும்போது ரூம்னு போடாம டிகிரிய போடுங்க. பாண்டிச்சேரிலயும் உங்க பேப்பர் விக்குதுல்ல?

வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி