கிரஷருக்குப் போகும் முன் ஒரு மணி நேரம்: சுண்ணாம்புக்கல் குவாரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குவாரி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடல் அல்லி என்ற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவங்கள் பதிந்த அந்தப் பலகைக்கல் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் குவாரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மற்ற குவாரிகளிலும் இதேதான் நடக்கிறது. அதனால் இந்த மடல் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

அன்று மாலை வெடி வைத்து முடிந்த பிறகு, சரிந்து கிடந்த கற்களுக்கு நடுவே கதவு அகலத்தில் ஒரு பலகைக்கல் மல்லாந்து கிடந்தது. அதில் ஏழு கடல் அல்லிகள். தண்டு, கிண்ணம், கைகள் எல்லாம் அப்படியே இருக்க, ஏழும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "காலை வரைக்கும் இதை மட்டும் ஒதுக்கி வையுங்கள்" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சரி என்றார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் அந்த இடம் வழித்து எடுத்தாற்போல் இருந்தது. இரவு ஷிப்டில் அள்ளிக் கொட்டிவிட்டார்களாம். என்னிடம் மிஞ்சியது இருட்டில் எடுத்த, கலங்கலான ஒரே ஒரு செல்போன் படம்.

கடல் அல்லி பூ இல்லை, விலங்கு. நட்சத்திர மீனுக்கு உறவு. அதன் உடம்பு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) வில்லைகளைத் தசைநாரால் கோத்தது போன்றது. செத்துவிட்டால் நார் அழுகி, சில நாட்களிலேயே வில்லைகள் உதிரத் தொடங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லில் பெரும்பாலும் பாசிமணி போல ஒற்றை வில்லைகளாகவே நாம் பார்ப்பது அதனால்தான். முழு உடம்பாக ஏழு கிடைத்தால், அவை உயிரோடு இருந்தபோதோ செத்த கையோடோ சேற்றில் மூடப்பட்டன என்று அர்த்தம். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் ஒரே ஒரு நாள் நடந்தது அந்தக் கல்லில் பதிந்திருந்தது. அது எந்த அடுக்கிலிருந்து விழுந்தது, அதன் மேலும் கீழும் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள எனக்கு ஒரு மணி நேரம் போதும். அதைத்தான் கேட்கிறேன்: வெடி வைப்பதற்கும், கல்லை நொறுக்கும் கிரஷருக்கு அனுப்புவதற்கும் நடுவே ஒரு மணி நேரம்.

என்னைச் சமாதானப்படுத்த அலுவலகத்தில் மெருகேற்றிய ஓர் அம்மோனைட்டை, அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் புதைபடிவத்தை, கையில் கொடுத்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் எந்தக் குழியில், எந்த அடுக்கில் எடுத்தது என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. இடம் தெரியாத புதைபடிவம், தேதியும் ஊரும் கிழிந்துபோன கடிதம் மாதிரி. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் ஒரு குதிரைலாட நண்டு கிடைத்தது. அதற்குப் பின்னால் 9.7 மீட்டர் நீளத்துக்கு அது நடந்து வந்த தடம். தடத்தின் முடிவில் நண்டு செத்துக் கிடக்கிறது. நண்டை மட்டும் பெயர்த்து எடுத்திருந்தால் அதன் கடைசி நடை நமக்குத் தெரிந்தே இருக்காது.

குவாரியை மூடச் சொல்லவில்லை. நீங்கள் தோண்டாவிட்டால் இவை வெளியே வந்தே இருக்காது. இங்கிலாந்தின் டட்லியில் இரும்பு உலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியபோதுதான் சுமார் 43 கோடி ஆண்டுப் பழமையான டிரைலோபைட்டுகள் (அழிந்துபோன, ஓடுள்ள கடல் உயிரிகள்) கிடைத்தன. 'டட்லி பூச்சி' என்று பெயரே வந்துவிட்டது. ஊரின் சின்னத்திலும் அது ஏறியது. அங்கே கல் வெட்டிய ரென்ஸ் நெஸ்ட் குன்று 1956இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நம் அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் காலக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடல் உயிரிகளைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1860களிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டால் அது நிறுவனத்தின் நிலம் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் கேட்டால் வைக்க இடமில்லை என்கிறார்கள். துறையில் கேட்டால் குத்தகைக்கு விட்டாயிற்று என்கிறார்கள். குத்தகைக்கு விட்டது கல்லைத்தானே? கடல் அல்லியைப் பற்றி அந்தப் பத்திரத்தில் ஒரு வரியாவது உண்டா? அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற, எளிதில் கரையும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. பல இடங்களில் அது எப்போதோ கரைந்துபோய், கல்லில் அச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கல்லும் தூளாகி 1,450 டிகிரி சிமென்ட் சூளைக்குள் போய்விட்டால் அப்படியோர் உயிர் இருந்ததற்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. இது பொறுப்பில் இருக்கும் ஒருவருக்குக்கூடவா உறுத்தவில்லை?

மன்னியுங்கள், கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வெடி வைத்து, பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு, பொக்லைன் இறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம். விவரம் தெரிந்த ஒருவர் நடந்து பார்த்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அடுக்கைக் குறித்துக்கொள்ளட்டும். ஒதுக்கச் சொல்லும் கல் மறுநாள் வரை ஓரமாகக் கிடக்கட்டும். இரவு ஷிப்டுக்கு அது தெரியும்படி அதன்மேல் ஒரு பெயின்ட் கோடு போதும்.

அடுத்த வெடி எந்த நாள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். முன்னதாகவே வந்து வாசலில் காத்திருக்கிறேன். தலைக்கவசம் என்னிடமே இருக்கிறது. இந்த முறை அளவுகோலும் டார்ச்சும் மறக்காமல் கொண்டு வருகிறேன்.

பணிவுடன்,
அன்று மாலை உங்கள் குவாரியில் நின்றிருந்தவர்