அந்தப் பிள்ளை எப்போது தெரிவு செய்தாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் கல்விப் பக்கத்தில், பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சைக்குக் கலைப்பிரிவில் படித்த மலையக மாணவி ஒருத்தி மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க ஏதேனும் வழி உண்டா என்று கேட்டிருந்தாள். வழி இல்லை என்று உங்கள் பத்தியாளர் பதில் எழுதினார். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி இல்லாமல் இலங்கையின் அரச மருத்துவ பீடம் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. அது சரிதான், அதில் எனக்கு வழக்கில்லை. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "இதைப் பாடத்தைத் தெரிவு செய்த அன்றே யோசித்திருக்க வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதை வாசித்த நேரம் முதல் எனக்கு மனம் ஆறவில்லை.

தோட்டப்புறப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். கடைசியாகக் கற்பித்தது ஒரு 1சி பாடசாலையில். 1சி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. விஞ்ஞானம் வேண்டுமானால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அது நகரத்தில் இருக்கும். என் மாணவி ஒருத்தி, உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தாள். பெறுபேறு வந்த அன்று அவளுடைய அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே பாடசாலைக்கு வந்தார். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் சிவந்திருந்தது. பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

நகரப் பாடசாலையில் இடம் கிடைத்தது. விடுதி கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பிரதான வீதி வரை தேயிலைக்குள் இறங்கி நடந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும், அவள் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். பௌதிகவியலுக்கு அந்தப் பாடசாலையிலும் நிரந்தர ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் மாலை டியூஷனை நம்பியிருந்தார்கள். டியூஷன் விடும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் போய்விடும். மழைக்காலத்தில் இருட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக அந்த மலைப்பாதையில் ஏறி வர எந்தத் தாய் சம்மதிப்பார்? ஒரு தவணை தாக்குப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். தமிழ், புவியியல், இந்து நாகரிகம் எடுத்தாள். மூன்றிலும் நல்ல பெறுபேறு. அவள் எந்த அன்று, எதைத் தெரிவு செய்தாள் என்று உங்கள் பத்தியாளர் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டும். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்காவது போடுவோம் என்று பார்த்தோம். அதற்கும் கலைப்பிரிவு செல்லாது என்றார்கள்.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லாமல் இல்லை. அமைச்சர் வந்து நாடா வெட்டித் திறந்தார். மேசை, குழாய், பன்சன் சுடரடுப்பு எல்லாம் வந்தன. ஆசிரியர் வரவில்லை. நான் ஓய்வுபெறும்போது கண்ணாடி அலுமாரிக்குள் முகவைகள் வைக்கோலோடு அட்டைப் பெட்டியிலேயே இருந்தன. தேர்தல் காலத்தில் மட்டும் அந்த அறை திறக்கும், வாக்குச்சாவடி அதிகாரிகள் தங்குவதற்கு.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் மேலே போக, தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. அடுத்த மூன்றாண்டில், 1948இல், எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையும் போயிற்று. அரசாங்கம் எங்கள் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். பிறகும் ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கண்ட மருந்து என்ன? எங்கள் பிள்ளைகளையே ஆசிரிய உதவியாளர் என்று நியமித்து மாதம் 6,000 ரூபாயும் பிறகு 10,000 ரூபாயும் கொடுத்தது. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போக மிஞ்சியதை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய பிள்ளைகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். உங்கள் பத்திரிகையும் அப்போது எழுதியது, மறந்திருக்க மாட்டீர்கள்.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானத் துறை இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடக்கம். நுவரெலியாவின் சனத்தொகையில் பாதிக்கு மேல் எங்கள் மக்கள். லயத்துப் பிள்ளை பின்தங்கி நிற்பதால் மாவட்டத்துக்குப் பின்தங்கியது என்று பெயர். அந்தப் பெயரால் வரும் இடத்துக்கு லயத்துப் பிள்ளை விண்ணப்பம்கூடப் போட முடியாது. வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே பதிந்து பரீட்சை எழுதி, குறைந்த வெட்டுப்புள்ளியில் இடம் பிடித்துப் போனவர்களை எங்கள் நகரமே அறியும். அவர்களில் யாரேனும் வைத்தியராகி இங்கே திரும்பி வந்ததை நான் காணவில்லை.

வராததன் பலனை வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் முறைக்காகக் காத்திருந்த ஒரு நாள், எனக்கு முன்னால் நின்ற அம்மா, மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இடது தோள் விறைத்துப் போகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, இரண்டு மாதமாக இப்படித்தான் என்று நிதானமாகச் சொன்னார். மொழிபெயர்க்க நின்ற சிற்றூழியர் டாக்டரிடம் "பப்புவ ரிதெனவா" என்றார். நெஞ்சு வலிக்கிறது, அவ்வளவுதான் டாக்டரின் காதுக்குப் போனது. நான் எழுந்து போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மீதியைச் சொன்னேன். டாக்டர் நல்லவர், உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். நான் அங்கே இல்லாத நாளில் என்ன நடக்கும்? சட்டத்தில், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. 2017இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து மலையகத்து டிக்கோயாவில் 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்துவைத்தார், நன்றி. இத்தகைய கட்டடங்களுக்குள் எங்கள் பிள்ளை வெள்ளைக் கோட்டோடு நிற்கும் வழியை யார் திறப்பார்கள்?

வெளிநாடுகளில் நடப்பதையும் உங்கள் பத்தியாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கனடாவில் ஒன்ராறியோவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1969இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. குறிப்பிட்ட விஞ்ஞானப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987இல் இலக்கியமும் வரலாறும் படிக்கும் மாணவர்களுக்கென்றே ஒரு வழியைத் திறந்தது. அவை பல்கலைக்கழகம் ஏறியவர்களுக்கான வழிகள், எங்கள் பிள்ளைகளால் அந்தக் கட்டணத்தைக் கட்டவும் முடியாது. ஆனால் கலை படித்தவர் டாக்டராக நினைப்பதே பேராசை என்ற தொனி எதற்கு? அந்தத் தொனியும் அரைகுறைத் தகவலும்தான் பெற்றோரை ஏஜென்சிக்காரரிடம் தள்ளுகின்றன. அடித்தளப் பயிற்சி செய்தால் போதும், எந்தப் பிரிவானாலும் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, எங்கள் பக்கத்து வீட்டார் நகை அடகு வைத்து முற்பணம் கட்டினார்கள். படித்து வந்தாலும், இங்கே வைத்தியராகப் பதிய இலங்கை மருத்துவச் சபை உயர்தர விஞ்ஞானச் சித்தியைக் கேட்கும் என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது.

பௌதிகவியல் தெரியாதவரை டாக்டராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாடங்களை எங்கள் பிள்ளைகள் நடந்தோ பஸ்ஸிலோ போய்ப் படித்துத் திரும்பும் தூரத்தில் வையுங்கள் என்கிறேன். அது அரசாங்கத்தின் வேலை. உங்களால் ஆகாது என்று அறிவேன்.

உங்களால் ஆவது ஒன்று உண்டு. அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வருவதற்கு முன், நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ் மொழி மூலம் உயிரியல் பிரிவு உள்ள பாடசாலைகளின் பட்டியலை வெளியிடுங்கள். மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா, விடுதி உண்டா என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். உயர்தரத்தைக் கலைப்பிரிவில் ஒரு முறை எழுதியவர், அந்தப் பரீட்சையை எழுத அவருக்கு எஞ்சியிருக்கும் தடவைகளில் விஞ்ஞானப் பாடங்களுக்குத் தோற்றலாம் என்பதையும் அந்த மாணவிக்கு உங்கள் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவள் இன்னும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை.