தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் தொடங்கியதும் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள், தானியம் போடுங்கள் என்ற வேண்டுகோள்கள் பத்திரிகைகளில் வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் வைத்த கிண்ணத்தைக் கழுவுங்கள் என்ற வரி மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகிறது. பல பறவைகள் வந்துபோகும் கிண்ணத்தைக் கழுவாமல் விடுவதைவிட, வைக்காமலே இருப்பது மேல். கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் இது இரட்டிப்பு உண்மை.

முட்டையிடும் பறவை தன் உடம்பையே பிழிந்து கொடுக்கிறது. ஐரோப்பாவில் உள்ள நீலச் சிட்டு என்ற குருவியின் எடை சுமார் 11 கிராம். நாளுக்கு ஒன்றாகப் பத்து முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் 1 கிராமுக்குச் சற்று அதிகம். அதாவது பத்து நாளில் தன் எடை அளவுக்கு முட்டை. அந்த மஞ்சள் கருவுக்குள் தன் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்து வைக்கிறது. குஞ்சின் எச்சத்துவாரத்துக்கு அருகே பர்சா என்றொரு சிறு பை உண்டு. எதிர்ப்புப் புரதம் சுரக்க வேண்டிய உயிரணுக்கள் அங்கேதான் முதிர்கின்றன. அவை தயாராகும்வரை தாய் கொடுத்த புரதம்தான் காவல். அதுவும் ஓரிரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

இரை தேடி ஓடும் பெற்றோர் நிலையும் இதுதான். சுவிட்சர்லாந்தில் பட்டாணிக் குருவிக் கூடுகளில் கூடுதல் குஞ்சுகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 1995இல் வெளியானது. அதிக வாய்களுக்கு இரை சுமந்த ஆண் பறவைகளிடம் மலேரியா ஒட்டுண்ணி அதிகமாகக் காணப்பட்டது. சத்து குஞ்சுக்குப் போகப் போக, நோயைத் தடுக்க மிஞ்சுவது குறைகிறது. இப்படித் தளர்ந்த பறவைகளைத்தான் நாம் ஒரே கிண்ணத்துக்குக் கூட்டி வருகிறோம்.

டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி புறாக்களிடம் சர்வ சாதாரணம். நோய் முற்றிய புறா இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலகுக்குக் கீழே ஈரம். வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் வெண்ணெய்க்கட்டி போல மஞ்சளாகப் படிந்திருக்கும். பசியில் தானியத்தைக் கொத்தும், விழுங்க முடியாமல் எச்சிலோடு கிண்ணத்திலேயே போட்டுவிடும். அடுத்த பறவை அதே மணியை எடுக்கும். புறா தன் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற கூழைக் குஞ்சுக்கு ஊட்டும்போது நோயும் சேர்ந்தே இறங்குகிறது. பிரிட்டனில் 2005இல் இந்த நோய் கிரீன்ஃபின்ச் குருவிகளிடம் தெரியவந்தது. அதன்பின் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது.

இந்த ஒட்டுண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. காய்ந்தால் செத்துவிடும். ஆகவே செய்ய வேண்டியது எளிது. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்; மேலே ஊற்றி நிரப்புவது கழுவுவது ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற வையுங்கள். அதற்கு முன்பே எச்சத்தையும் பாசியையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அழுக்கு இருந்தால் பிளீச் அதிலேயே செலவாகிவிடும். வேறு எந்தச் சுத்திகரிப்பு திரவத்தோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். பின் வாசனை போகும்வரை அலசி, முழுதாகக் காய வையுங்கள். மண்சட்டி ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. பளபளப்பான பீங்கான் மேல். இரண்டு கிண்ணம் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். ஆழம் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், நடுவே ஒரு கல். தானியத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போடாதீர்கள். ஒரு நாளில் தீரும் அளவே போடுங்கள். நனைந்த தானியத்தில் பூஞ்சை வரும்.

தானியம் வளர்ந்த பறவைக்குத்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஊட்டும். வளரும் உடம்புக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் வேண்டிய புரதம் அதில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு மாடியில் அரிசி போடுவதால் அந்தக் குஞ்சுக்கு ஒரு பயனும் இல்லை.

இறகு உப்பிச் சோர்ந்த பறவையோ, கண் வீங்கிய பறவையோ ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் தானியத்தையும் தண்ணீரையும் உடனே நிறுத்துங்கள், குறைந்தது இரண்டு வாரத்துக்கு. இரக்கமற்ற செயலாகத் தோன்றும். ஆனால் பறவைகள் கலைந்துபோனால்தான் தொற்று அறுபடும். இறந்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எதையும் அகற்றாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடுத்த முறை வேண்டுகோள் வெளியிடும்போது, கழுவுவது பற்றிய இந்த வரிகளையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்