ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: கணக்கு நோட்டில் இருக்கும் அந்தப் படங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் கணக்கு நோட்டில் நீள நீளமான கட்டங்களைப் பார்த்துவிட்டு, "கணக்குக்கு எதற்குப் படம்?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்டது நல்லது.

அதை நாடாப் படம் என்கிறோம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரே விலையில் மூன்று நோட்டு, 20 ரூபாய்க்கு ஒரு பேனா, மொத்தம் 95 ரூபாய். ஒரு நோட்டு என்ன விலை? பிள்ளை ஒரு நீளப் பட்டையை வரைந்து, மூன்று சமமான துண்டுகளில் 'எக்ஸ்' என்றும் கடைசித் துண்டில் 20 என்றும் எழுதி, மேலே 95 என்று குறிக்கிறது. 20-ஐ எடுத்துவிட்டால் மூன்று துண்டும் சேர்ந்து 75. ஒரு துண்டு 25. 3எக்ஸ் + 20 = 95 என்ற சமன்பாட்டை அதன் பக்கத்திலேயே எழுத வைக்கிறோம். முதலில் ஏன் கழிக்கிறோம், அப்புறம் ஏன் வகுக்கிறோம் என்பது படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எக்ஸ் + 3-க்கும் 3எக்ஸ்-க்கும் குழம்பாத பிள்ளைகள் குறைவு. வரைந்து பார்த்தால் ஒன்றில் ஒரே ஒரு எக்ஸ் துண்டு, மற்றதில் மூன்று. நாடா அளவுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ் துண்டுகள் மட்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும்.

இந்த முறை சோதனை முயற்சி அல்ல. சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் 1980களிலேயே வந்துவிட்டது. ஜப்பான் பாடநூல்களிலும் உண்டு.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும்" என்று நாம் படித்த விதியை உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். விதி சரிதான். ஆனால் காரணம் புரியாமல் அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, 3எக்ஸ் = 75 என்ற இடத்திலும் 3-ஐக் கழித்து 72 என்று எழுதிவிடும். திட்டவும் வேண்டாம். "வரைந்து காட்டு, எக்ஸ் எத்தனை துண்டு?" என்று கேளுங்கள், போதும்.

குறை எண்கள் வரும்போது நாடா உதவாது. நீளம் குறை எண்ணாக இருக்க முடியாதே. அதற்குள் பிள்ளைகள் படமில்லாமலே சமன்பாட்டைத் தீர்க்கப் பழகியிருப்பார்கள். அப்போது படத்தை நாங்களே விடச் சொல்வோம்.

சந்தேகம் இருந்தால் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பிள்ளையின் நோட்டையும் எடுத்து வாருங்கள். கணக்கு ஆசிரியர் உட்கார்ந்து வரைந்து காட்டுவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்